துவக்கோடு வந்த கொசுறு

நாய் வளர்க்காத வீட்டில் நனைந்த நாயின் வாடை அடித்தது.

வாசலைத் தாண்டிய காலை அப்படியே நிறுத்திக் கொட்வின் மூக்கை உறிஞ்சினான். பலேர்மோ நகரின் பலாரோ சந்தையில் கருவாடும் கறிவேப்பிலையும் வெண்டிக்காயும் விற்றுப் பிழைப்பவனின் மூக்கு அது. பெட்டியின் அடியில் அழுகத் தொடங்கும் ஒற்றைத் தக்காளியை மேல்தட்டைக் கிளறாமலே காட்டிக்கொடுத்துவிடும். இந்த வாடையில் சேறு இருந்தது, உக்கிய இலை இருந்தது, நெருப்போரம் சுருண்டு கிடந்து காய்ந்த மயிர் இருந்தது. அக்டோபர் முடியப்போகிறது, சிசிலியின் பகேரியாவில் இன்னும் ஒரு துளி மழை விழவில்லை. ஷிரொக்கோ காற்று கடலுக்கு அப்பாலிருந்து செம்புழுதியை அள்ளிவந்து எலுமிச்சைத் தோட்டத்தின் மேல் தூவிக்கொண்டிருந்தது. நனைந்து வர நாய்க்குத் தண்ணீர் எங்கே கிடைத்திருக்கும்?

தோளில் தொங்கிய நீளத் துப்பாக்கிப் பையை மெல்லச் சுவரில் சாய்த்தான்.

"இஞ்சேருங்கோ, செருப்பிலை என்னத்தை மிதிச்சுக்கொண்டு வாறியள்?" குசினியிலிருந்து அவன் மனைவி கிளறா கேட்டாள். "நாய் மணக்குது."

"துவக்கு எண்ணெய். பழஞ்சாமான் எல்லே."

"எண்ணெய் மணம் எனக்குத் தெரியும். இது மயிர் மணம்."

அவன் வாசலில் நின்ற தன் கால்களுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். படி வெறுமையாக இருந்தது. இருந்தாலும் கதவை உடனே சாத்தக் கை வரவில்லை. யாரோ இன்னும் உள்ளே வந்து முடியவில்லை என்பது போல ஒரு கணம் பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்தப் பையை வீட்டுக்குள் கொண்டுவர அவன் பட்ட பாடு, இரண்டு கல்யாணம் பேசி முடிக்கிற பாடு. போன வருடம் ஆவணியில், குடும்பமாக மாதா பெருநாளுக்குப் போயிருந்த நேரம், யாரோ பின்யன்னல் கம்பியை அறுத்து உள்ளே இறங்கியிருந்தார்கள். போன பொருட்கள் போகட்டும். மகள் ஜெனுஷாவின் தலையணை நடுவில் ஒரு சப்பாத்துத் தடம் கிடந்தது. ஆறு வயதுப் பிள்ளை கன்னம் வைத்துப் படுக்கிற இடம். அயல் என்று சொல்ல எலுமிச்சை மரங்கள்தான். கூப்பிட்டால் அவை வரா. அன்றிலிருந்து கொட்வின் தூங்கினாலும் அவன் காது ஒன்று விழித்துக் கிடந்தது.

"துவக்கைக் கண்டு ஓடிவந்த சனம் நாங்கள்," என்றாள் கிளறா. "இஞ்சை வந்து அதைக் காசு குடுத்து வாங்கவோ?"

"வீட்டுக்கும் காவல், ஞாயிறிலை றொனியோடை வேட்டைக்கும் போகலாம். ஒரு சாமான், ரெண்டு வேலை."

"உங்களுக்கு எல்லாத்திலையும் ஒண்டு வாங்கினால் ரெண்டு வேணும்."

அது உண்மைதான். மன்னாரில் பேசாலைக் கரையில் மீன் ஏலம் கூவிய குடும்பம் அவனுடையது. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமி கொடுக்கிற 'அருள்நிறை மரியே'யைக்கூடக் குறைத்துத் தரக் கேட்ட ஆள். தராசு அவனுக்கு அதிகாரிகளுக்குக் காட்டுவதற்கு. கையில் எடுத்ததும் எடை சொல்வான், ஒரு மிளகாய் கூடினாலும் கை காட்டிக்கொடுக்கும். அவன் கடையில் வெண்டிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை சும்மா, ஆனால் வாய் திறந்து கேட்டால்தான். ஒருமுறை ஒரு பெண் வெண்டிக்காய் முற்றல் என்று திருப்பிக் கொண்டுவந்தபோது, காயை வாங்கிக்கொண்டு கறிவேப்பிலையை அவள் பையிலேயே திணித்துவிட்டான். "சாமானை மாத்தலாம் அக்கா. கேட்டு வாங்கின கொசுறு திரும்பி வராது." சந்தை முழுக்கச் சிரித்தது.

கடைசியில் கிளறா ஒரு நிபந்தனையோடு இறங்கினாள். துவக்கு இரும்பு அலுமாரியில், அதன் திறப்பு அவனிடம். தோட்டாக்கள் வேறு பெட்டியில், அதன் திறப்பு அவள் தாலிக்கொடியில். "நான் கழுத்தாலை கழட்டித் தந்தால்தான் உங்கடை துவக்குக்கு வாய்."

அனுமதிப் பத்திரத்துக்காக டாக்குத்தர், சுடும் திடல், வேட்டைப் பரீட்சை, குவெஸ்தூராப் பொலிஸ் நிலைய வரிசை எல்லாம் முடிந்து, கூட்டாளி றொனியையும் கூட்டிக்கொண்டு பலேர்மோவில் லொரென்சோவின் துவக்குக் கடைக்குப் போனான். றொனி மண்டைதீவுக்காரன், துறைமுகத்தில் பெட்டி இறக்குகிறவன். அங்கே கூட வேலை செய்யும் சிசிலிக்காரர்களோடு மலையேறி வேட்டை பழகியவன்.

"வீட்டுக்கும் வேட்டைக்கும் ஒன்றே வேண்டும்," என்றான் கொட்வின், இத்தாலிய மொழியில்.

"ஒரே சட்டையில் கல்யாணத்துக்கும் போய், மீன் பிடிக்கவும் போவீர்களா?" லொரென்சோ ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். தானாகத் தோட்டா ஏற்றுவது, குழல் மேல் குழல் வைத்தது, இரண்டு குழலும் பக்கத்தில் படுத்தது. "முதல் துப்பாக்கிக்கு மற்றதெல்லாம் பிறகு. கண்ணை மூடித் தோளுக்குத் தூக்குங்கள். இப்போது திறவுங்கள். என்ன தெரிகிறது?"

ஒன்றில் குழலின் முதுகு தெரிந்தது. ஒன்றில் வானம். ஒன்றில் றொனியின் பல்.

"பொருந்தவில்லை. பொருந்தாத துப்பாக்கி நீங்கள் பார்க்கிற இடத்தில் சுடாது. அது பார்க்கிற இடத்தில் சுடும்."

அப்போதுதான் றொனி, வுச்சீரியாப் பகுதியில் கணவனை இழந்த சிஞோரா நுன்ஸியா ஒரு துவக்கு விற்க நிற்கிறாளாம் என்று எடுத்துவிட்டான். லொரென்சோ ஏற்கெனவே பளிச்சென்று இருந்த கண்ணாடியைத் துணியால் துடைக்கத் தொடங்கினார். "நல்ல துப்பாக்கி," என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

அந்தச் சிஞோராவின் வீட்டில் நடந்ததை இப்போது, நாய் வாடைக்கு நடுவில் நின்றபடி, கொட்வின் மீண்டும் ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஊர் முழுக்கக் கதவடைத்துக் கிடக்கிற நேரம். எல்லா யன்னல் பலகைகளும் சாத்தியிருந்தன. கறுப்பு உடுப்பில் சிஞோரா மட்டும். கட்டிலில் வெள்ளைத் துணிக்கடியில் ஒரு ஆள் படுத்திருப்பது போல அது கிடந்தது. பக்கத்தில் பக்கம் படுத்த இரட்டைக்குழல். கண்ணை மூடித் தூக்கினான். திறந்தபோது குழல் நுனியின் பித்தளைப் பொட்டு, அவன் பார்த்த இடத்தில், அளவெடுத்துத் தைத்தது போல அசையாமல் குந்தியிருந்தது. கன்னத்துக்குக் கட்டை குளிரவில்லை. யாரோ இப்போதுதான் கன்னத்தை எடுத்தது போல வெதுவெதுப்பாக இருந்தது.

வெட்கமில்லாத ஒரு விலை சொன்னான். அவள் கத்துவாள், இவன் போவதுபோல எழும்புவான், அவள் கூப்பிடுவாள், அதுதானே முறை?

"சரி," என்றாள் சிஞோரா.

பேரத்தில் பிறந்து வளர்ந்தவனை அந்த ஒரு சொல்லைப்போல் வேறெதுவும் கலக்காது. ஏமாந்தது யார் என்று தெரியாமல், பழக்கதோஷத்தில் வாய் கேட்டுவிட்டது. "இதோடு கொசுறாக என்ன தருவீர்கள்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன கேட்டீர்கள்?"

"சந்தையில் தருவார்களே, சும்மா, ஒரு பிடி கீரை… இதோடு சேர்ந்தது ஏதாவது."

"இதோடு சேர்ந்தது. உங்கள் வாயால் கேட்கிறீர்கள்?"

"ஓம்… கேட்கிறேன்."

பாரம் இறக்கிய கழுதை போல அவள் மூச்சுவிட்டாள். சிலுவை போட்டுக்கொண்டாள். "எடுத்துக்கொள்ளுங்கள்." கையில் எதுவும் தரவில்லை. கதவை அகலத் திறந்து பிடித்தாள். அவன் வெளியே வந்த பிறகும் பிடித்துக்கொண்டே நின்றாள், அவன் முழங்கால் உயரத்தில் எதையோ கண்ணால் வழியனுப்பியபடி. தெருவுக்கு இறங்கி மேலே பார்த்தபோது அந்த வீட்டின் யன்னல்கள் ஒவ்வொன்றாகப் படார் படாரென்று திறந்துகொண்டிருந்தன.

முதல் நாட்களில் வெறும் வாடைதான். பிறகு மதியங்களில் சத்தம் வந்தது.

விடியமுன் சந்தைக்குப் போய் வந்தவன் வெயில் ஏறியதும் யன்னல் பலகைகளைச் சாத்திவிட்டுப் படுப்பான். பலகை இடுக்குகளால் வெயில் தரையில் கோடு கோடாக விழும், வெளியே காற்று எலுமிச்சை இலைகளைச் சுரண்டும், குளிர்சாதனப் பெட்டி முனகும். இந்தச் சத்தங்களுக்கெல்லாம் அடியில், நடைபாதைப் பளிங்கில், நகம் வைத்து நடக்கிற ஒரு சத்தம். டிக் டிக் டிக். குசினி வரை போகும். நிற்கும். திரும்பும். எழும்பிப் பார்த்தால் நடைபாதை காலி. ஆனால் தரையில் விழுந்திருந்த வெயில் கோடுகள், ஏதோ அவற்றைக் குறுக்கே கடந்தது போல, ஒன்றன்பின் ஒன்றாக ஒரு கணம் அணைந்து எரியும்.

குளியலறையில் ஜெனுஷாவின் விளையாட்டு வாளியில் நிறைத்து வைத்த தண்ணீர் மாலைக்குள் பாதியாகும். "ஷிரொக்கோ குடிக்குது," என்றான் கொட்வின். கிளறா வாளியின் விளிம்பில் தடவி விரலை முகர்ந்து பார்த்தாள். விரலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள்.

ஞாயிறு வந்தது. கிளறா தாலிக்கொடியைக் கழுத்தால் கழற்றி, கொஞ்சத் தோட்டாக்களை வேண்டா வெறுப்பாக எண்ணிக் கொடுத்தாள். றொனியும் அவனும் மலைப்புதருக்கு ஏறினார்கள்.

"பெக்காச்சாக் குருவி," என்றான் றொனி, மூச்சு வாங்க. "செத்த இலையும் அதுவும் ஒரே நிறம். காலுக்கை கிடந்தாலும் தெரியாது. நாயில்லாமல் அதைத் தேடி வந்த முதல் விசரர் நாங்கள்தான்."

"நாய் இருந்தா?"

"புதருக்குள்ளை நாயும் தெரியாது மச்சான். அதுக்குத்தான் கழுத்திலை மணி கட்டுறது. மணி கேட்டுக்கொண்டிருந்தால் பயமில்லை, நாய் தேடுது. மணி நிண்டால்தான் விசயம். குருவிக்கு முன்னாலை மூக்கை நீட்டி, ஒரு காலைத் தூக்கி, கல்லு மாதிரி நிக்கும். அப்ப நீ துவக்கைத் தூக்கவேணும்."

கொட்வின் தலையாட்டினான். ஏனென்றால் அவனுக்கு மணி கேட்டுக்கொண்டிருந்தது.

சின்ன மணி. ஓட்டை விழுந்த தகரக் குரல். இடப்பக்கப் புதரில் ஓடியது, சரிவில் இறங்கியது, மறுபடி ஏறியது. றொனி தன்பாட்டுக்குத் துறைமுகப் புதினம் சொல்லிக்கொண்டே நடந்தான். அவனுக்குக் கேட்கவில்லை. கொட்வினின் கால்கள் மணியின் பின்னால் திரும்பின.

மணி நின்றது.

கை தானாக எழுந்தது. அவன் எழுப்பவில்லை, தூக்கத்தில் புரளும்போது கை எழுமே, அதுபோல. கட்டை கன்னத்தில் ஒட்டியது. வெடித்த பிறகுதான் வெடித்தது தெரிந்தது. புதருக்குள்ளிருந்து இலைநிறத்தில் ஒன்று எழும்பி, எழும்பியது போதும் என்பது போல, விழுந்தது.

றொனி வாயைப் பிளந்தான். "எட கொட்வின்! எங்கை கண்டனி? உனக்குக் கண்ணிலை எக்ஸ்ரேயோ?"

அன்று திரும்பி வரும்போது கொட்வின் சிரித்தான். மடியில் குருவியின் சூடு. கொசுறு என்றால் இது கொசுறு! வளர்ப்புச் செலவில்லை, சாப்பாடில்லை, குரைப்பில்லை. இப்படி ஒரு பேரம் பேசாலைக் கரையில் ஒருத்தரும் முடித்ததில்லை. வாடையை நினைத்தான். வாடைக்கு ஊதுபத்தி இருக்கிறது.

அந்தச் சிரிப்பு நான்காம் நாள் மதியம் நின்றது.

கிளறாவுக்கு அன்று வேலையில்லை. கூடத்துக் கதிரையில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மூக்கின் கீழ் வியர்வை அரும்பியிருந்தது, கழுத்தில் தாலிக்கொடியும் திறப்பும் மூச்சோடு ஏறி இறங்கின. ஜெனுஷா பள்ளிக்கூடத்தில். கொட்வின் எதிரே குந்தியிருந்து வெள்ளைப்பூண்டு உரித்தான். நடைபாதையில் மணி வந்தது. மலையில் கேட்ட அதே தகரக் குரல், இப்போது வீட்டுக்குள். அவன் பயப்படவில்லை. கேட்டுக்கொண்டிருந்தால் பயமில்லை. மணி மேசையைச் சுற்றியது. குசினி வாசலைச் சுற்றியது. கதிரைக்கு முன்னால் வந்தது.

நின்றது.

பூண்டு தரையில் உருண்டது. கொட்வினின் இரண்டு கைகளும் எழுந்தன. இடக்கை முன்னால் நீண்டு இல்லாத குழலை ஏந்தியது. வலக்கை தோளுக்கு வந்தது. தலை சாய்ந்தது, இல்லாத கட்டையில் கன்னம் பதிந்தது. ஒரு கண் மூடியது. திறந்த கண்ணுக்கு நேரே கிளறாவின் தொண்டைக்குழி. வலச்சுட்டு விரல் மடங்கியது. மறுபடி மடங்கியது.

இரண்டு குழலுக்கும்.

"என்ன செய்யிறியள்?" கிளறா கண் விழித்திருந்தாள்.

கை இறங்கியது. அவள் கேட்டது சிரிப்போடு அல்ல. அந்த மாதிரி நின்ற ஆட்களை அவள் வேறொரு நாட்டில், வேறொரு வயதில் பார்த்திருக்கிறாள்.

"நுளம்பு," என்றான், கொசுவை விரட்டுவது போலக் கையை வீசி.

தோட்டத்துக்குப் போய், எலுமிச்சை மரத்தைப் பிடித்துக்கொண்டு றொனிக்குப் போன் எடுத்தான். மணி, வாடை, கொசுறு எல்லாம் சொன்னான். றொனி வழக்கம்போலச் சிரிப்பான் என்று பார்த்தான். மறுமுனையில் துறைமுகத்தின் சங்கொலி மட்டும் கேட்டது.

"மச்சான், முந்தநாள்தான் லொரென்சோ சொன்னவர். நீ நக்கலடிப்பாய் எண்டு விட்டிட்டன்."

"சொல்லு."

"அந்த மனுசியின்ரை புருசன் பெரிய வேட்டைக்காரனாம். அவரின்ரை நாய் ஒருநாளும் பிழைச்சதில்லையாம். மணி நிண்டால் அவர் பாக்கிறதே இல்லை, கை எழும்பிச் சுட்டிடும். ஒருநாள் மணி நிண்டுது, சுட்டார். புதருக்குள்ளை கிடந்தது அவரின்ரை சொந்தப் பெடியன்."

கொட்வின் எலுமிச்சைப் பட்டையை நகத்தால் உரித்தான்.

"அதே இடத்திலை நாயையும் சுட்டார். நாய் செத்ததாம். மணிதான் நிக்கேல்லையாம். வீட்டை வந்திட்டுதாம். கொட்வின், கேக்குதோ? அந்த மனுசி அவ்வளவு நாளும் ஏன் யன்னல் திறக்கேல்லை எண்டு நினைச்சுப் பார்."

சிஞோராவின் எண்ணை அழைத்தான். உடனே எடுத்தாள், காத்திருந்தவள் போல. பின்னால் தெரு இரைச்சல், வானொலி, வெளிச்சம்கூடக் கேட்டது.

"துப்பாக்கியைக் கொண்டுவாருங்கள், வாங்கிக்கொள்கிறேன்," என்றாள். "கொடுத்ததைவிடக் கூடவும் தருகிறேன். மற்றது நீங்கள் கேட்டு வாங்கியது."

"சிஞோரா, தயவுசெய்து…"

"நீங்கள் வியாபாரி. கேட்டு வாங்கியது திரும்பி வருமா?"

சந்தை அன்று சிரித்த சிரிப்பு அவன் காதில் கேட்டது.

அன்று இரவு நாலு பக்கமும் மணி நடந்துகொண்டேயிருந்தது. கொட்வின் தூங்காமல் கணக்குப் பார்த்தான். வியாபாரிக்கு நட்டம் என்று தெரிந்தால் பிறகு ஒரே கேள்விதான்: எதைக் கைகழுவலாம்? நாயைக் கைகழுவ முடியாது. சரி. நாய் நிற்கட்டும், எங்கே வேண்டுமானாலும் நிற்கட்டும். கையில் துவக்கில்லாவிட்டால் வெறும் விரல்தானே மடங்கும்? கரபினியேரிப் பொலிசிடம் கொண்டுபோய் உருக்கிவிடச் சொல்லலாம்.

மறுநாள் எல்லாப் புனிதர்களின் திருநாள். அடுத்த நாள் விடிந்தால் இறந்தவர்களின் நாள். பலேர்மோவில் அந்த இரவு இறந்தவர்கள் வீடு தேடி வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவார்கள். திருநாளென்று பாராமல் கிளறா வேலைக்குப் போகிற வீட்டு எசமானி விருந்துச் சமையலுக்குக் கூப்பிட்டிருந்தாள். ஜெனுஷாவையும் கூட்டிக்கொண்டு கிளறா ரயிலில் போனாள். பின்னேரம் கொட்வின் போன் எடுத்தான்.

"இண்டைக்கு றொனி வீட்டை நில்லும். நாளைக்கு வந்து கூட்டிக்கொண்டு வாறன்."

"ஏன்?"

"சொன்னால் நில்லுமன். கெஞ்சிக் கேக்கிறன், கிளறா."

பேரம் பேசாமல் அவன் எதையும் கேட்டு அவள் அறிந்ததில்லை. "சரி," என்றாள்.

அந்தச் சொல். சிஞோராவும் அதைத்தான் சொன்னாள்.

வெயில் இறங்கியது. ஷிரொக்கோ முகிலால் வானம் பித்தளை நிறத்தில் கிடந்தது. இரும்பு அலுமாரியைத் திறந்து துவக்கை எடுத்தான். நடுவால் மடித்துப் பார்த்தான். இரண்டு குழலும் வெறுமை. ஒரு கண்ணால் பார்த்தான், மறுகண்ணாலும் பார்த்தான். குழல்களுக்கு அந்தப்பக்கம் இரண்டு வட்டமாகப் பித்தளை வானம். கையில் ஏந்தி எடை பார்த்தான். வெறும் துவக்கின் எடை. கைக்குத் தெரியும். மூடினான். பைக்குள் வைத்தான். சிப்பை இழுத்தான். காரின் திறப்பைத் தேடி மேசைப்பக்கம் திரும்பினான்.

நடைபாதையில் நகச்சத்தம்.

பிறகு மணி.

இருட்டு வீட்டுக்குள் மணி மெல்ல நடந்தது. ஜெனுஷாவின் அறைக்குள் போனது. கட்டிலைச் சுற்றியது. தலையணைப் பக்கம் ஒரு கணம் தயங்கியது. வெளியே வந்தது. கேட்டுக்கொண்டிருந்தால் பயமில்லை. வாடை தடித்தது. ஈர மயிர். சேறு. அதோடு, இவ்வளவு நாளும் பிடிபடாத இன்னொன்று: சந்தையில் வெள்ளிக்கிழமை ஆடு தொங்குமே, அந்த வாடை.

திறப்பு கையில் கிடைத்தது. பையை எடுக்கக் குனிந்தான்.

பை தரையில் கிடந்தது. சிப் திறந்திருந்தது. வாய் பிளந்த பை. உள்ளே ஒன்றுமில்லை.

மேசையில் போன் வெளிச்சம் அடித்தது. குறுஞ்செய்தி. கிளறா. அவன் தொடவில்லை. தொட அவனுக்குக் கை மிச்சமில்லை; இரண்டிலும் துவக்கு இருந்தது. போன் சத்தமில்லாமல் மினுங்கியது. திரையில் வரிகள் எரிந்து நின்றன.

*பிள்ளை அழுறாள். செத்த ஆக்களுக்கு றொனி மாமா வீடு தெரியாதாம், தன்னைத் தேடி எங்கடை வீட்டைதான் வருவினமாம். வந்திட்டம்.*

மணி முன்கதவுக்குப் போனது.

வெளியே சரளைக்கல்லில் காலடி. பெரிய காலடி ஒன்று. துள்ளித் துள்ளி ஒன்று.

மணி நின்றது.

கன்னத்தில் கட்டை. வெதுவெதுப்பு. பித்தளைப் பொட்டு கதவின் நடுவில் குந்தியது. இல்லை, நடுவில் இல்லை. கீழே. ஆறு வயது உயரத்தில்.

வெறும் துவக்கு. பார்த்தேன். இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கை சொல்லியது. ஆனால் கை இப்போது வேறு சொல்லியது. எடை கூடியிருந்தது. ஒரு மிளகாய் கூடினாலும் தெரிகிற கை. இரண்டு தோட்டா. ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று.

உள்ளே வராதே. கத்தினான். சத்தம் வரவில்லை. தாடை கட்டையோடு ஒட்டிக்கிடந்தது. வாய் திறந்தால் குறி கலையும். வாய் திறக்கவில்லை.

பூட்டுக்குள் திறப்பு திரும்பியது. கூடவே இன்னொரு சின்னத் திறப்பு கதவில் தட்டிச் சிணுங்கியது. தாலிக்கொடியில் தொங்கும் தோட்டாப் பெட்டித் திறப்பு.

கதவு திறந்தது. பித்தளை வெளிச்சம் தரையில் நீண்டு விழுந்தது. வாசலில் ஜெனுஷா, இரண்டு கையாலும் ஒரு சீனிப்பொம்மையை நெஞ்சோடு அணைத்தபடி. பின்னால் கிளறா, பூட்டிலிருந்து திறப்பை இழுக்கிற மும்முரத்தில், தலை குனிந்து.

பிள்ளை அப்பாவைப் பார்க்கவில்லை. அப்பாவுக்கும் தனக்கும் நடுவில், தரையில், எதையோ பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"கே பெல்லோ! என்ன வடிவு! அப்பா, இது ஆரின்ரை நாய்?"

சீனிப்பொம்மையை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, மறுகையை நீட்டி, அதன் தலையைத் தடவக் குனிந்தாள். கழுத்து மணி அசையவில்லை. முன்கால் ஒன்று தூக்கியபடி நின்றது. கொட்வினின் சுட்டு விரல் மடங்கத் தொடங்கியது.